மச்சானின் கழுத்து

என் மனைவியின் அண்ணன் என்னை அடித்த அடிகளில் பாதிக்கு மேல் நியாயமானவை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத நோய் எனக்கு. கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அவருடைய மீசையைப் பார்த்து, "இதுக்குத் தனியா இலை போடணுமா மச்சான்?" என்று கேட்டுவிட்டேன். கையில் இருந்த வடையோடு சேர்த்து அறைந்தார். கன்னத்தில் உளுந்து ஒட்டிக்கொண்டது. புது மாப்பிள்ளையை இப்படியா அடிப்பது என்று மாமியார் அழுதார். "தம்மாத்துண்டு தட்னேன், அதுக்குப் போயி" என்றார் மச்சான். அவர் அளவில் அது தட்டல்தான் என்பதைப் பின்னாட்களில் புரிந்துகொண்டேன்.

அவர் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் கூட்டம் ஒன்றுக்கு மேஸ்திரி. நாற்பது பேர் அவர் குரலுக்கு ஓடுவார்கள். நான் எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பைப் ஃபிட்டர். என் குரலுக்கு வால்வுகூடத் திரும்பாது. ரெண்டு குடும்பமும் திருவொற்றியூரில் பக்கத்துப் பக்கத்துச் சந்தில் குடியிருந்தோம். அவர் வீட்டில் தட்டு பறந்தால் என் வீட்டில் சத்தம் கேட்கும்.

எங்கள் சந்துகளில் வெட்டுக்காயங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. கையில் வெட்டு இருந்தால் அது மரியாதை. தடுத்து நின்றான் என்று பொருள். முதுகில் இருந்தால் ஓடினான். கழுத்தில் வெட்டு வாங்கி உயிரோடு இருக்கிறவனுக்குத்தான் மோசமான பெயர்: 'மிச்சம்'. எதிராளி கொன்றிருக்கலாம், கொல்லாமல் விட்டுப் போயிருக்கிறான். அவன் தின்றதுபோக இலையில் ஒதுக்கிய சோறு. அப்படிப்பட்டவன் டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் எழுந்துகொள்வான். அவன் மேஸ்திரியாக இருந்தால் ஒரு மூட்டைகூட நகராது.

இந்தக் கணக்கு மச்சானுக்குக் கரைத்துக் குடித்த பாடம். ஏனென்றால் ஒரு மிச்சத்தை அவரே உண்டாக்கியிருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது அது. எந்தக் கப்பலை யார் இறக்குவது என்று ரெண்டு கூட்டத்துக்கும் தகராறு. கப்பலின் மேல்தளத்திலேயே அடிதடி. மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கிகள்தான் ஆயுதம். ஒருவனுடைய காது கிழிந்து தொங்கியதாகவும், அதை அவனே பிடித்துக்கொண்டு சண்டை போட்டதாகவும் மச்சான் பிறகு பெருமையாகச் சொன்னார். அந்தக் கலவரத்தில் எதிர்க்கூட்டத்து மேஸ்திரி மச்சானின் மார்பில் எட்டி உதைக்க, மூடி திறந்திருந்த சரக்குக் கிடங்குக்குள் மச்சான் விழுந்தார். மூணு மாடி உயரம் இருக்கும். கீழே உர மூட்டைகள் இருந்ததால் பிழைத்தார். விலா எலும்பு நாலு உடைந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

கட்டு அவிழ்த்த வாரம் அவர் காசிமேட்டுக்குப் போனார். ஐஸ் உடைக்கும் இடத்தில் நின்றிருந்த எதிர் மேஸ்திரியின் பின்னந்தலை முடியைப் பிடித்து இழுத்து, கழுத்தில் பட்டாக்கத்தியைத் தோல் கிழியும் ஆழத்துக்கு மட்டும் இழுத்துவிட்டு வந்தார். உடைத்த ஐஸெல்லாம் சிவப்பாகிவிட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

"ஏன் மச்சான் அதோட உட்டே?" என்று கேட்டேன்.

"செத்தா கேஸு மாப்ள. உசுரோட உட்டா நியூஸு" என்றார்.

அந்த ஆள் போலீசுக்கும் போகவில்லை. போனால் தான் மிச்சம் என்று எழுதிக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும். ரெண்டு மாதம் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிந்தான். ஆட்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். பிறகு மீஞ்சூரில் மாமனார் வீட்டோடு போய்ச் சேர்ந்தான்.

சில வருஷம் கழித்து, செல்போன் சட்டைப் பையில் செங்கல் மாதிரி கனத்த காலத்தில், மச்சானின் குரல் போனது. ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் கரகரத்தது. பிறகு வாத்து கத்துகிற மாதிரி ஆனது. துறைமுகத்தின் இந்த முனையிலிருந்து கத்தினால் அந்த முனையில் மூட்டை நகரும் குரல் அது. இப்போது பக்கத்தில் நிற்பவனுக்கே ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முன்பெல்லாம் கூப்பிட்டும் வராதவனைத்தான் அடிப்பார். இப்போது கூப்பிட்டால் கேட்காது என்று தெரிந்து, முதலிலேயே அடித்தார். ஒரு வாரத்தில் ரெண்டு பேருக்குத் தாடை வீங்கியது. நான் வேறு, "மச்சான், கொளத்துல உட்டா நீந்திடுவே போல கீதே" என்றேன். அடுப்பங்கரைக் கதவோடு சேர்த்து என்னை அமுக்கியதில் தாழ்ப்பாள் முதுகில் பதிந்தது.

தொண்டை டாக்டர் உள்ளே ஒரு சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். மச்சான் அவர் விரலைக் கடித்துவிட்டார். விரலை உதறிக்கொண்டே அந்த நல்ல மனிதர், "இது தொண்டை வியாதி இல்ல. குரல் நரம்பை ஏதோ நெஞ்சுக்குள்ள அமுக்குது" என்று எழுதிக் கொடுத்தார். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் முடிந்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தக்குழாய் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தோம். மச்சான், அவர் மனைவி, நான்.

டாக்டர் ஒரு அம்மா. என் தோள் உயரம்தான் இருப்பார். மெல்லிய குரல். ஆனால் மச்சானைப் பார்த்துப் பயப்படாத முதல் அந்நியரை அன்றைக்குத்தான் கண்டேன். ஒரு தாளில் கைத்தடி மாதிரி ஒரு படம் போட்டார். இதயத்திலிருந்து மேலே ஏறி, வளைந்து, கீழே இறங்கும் பெரிய ரத்தக்குழாய். வளைவில் மூணு கிளை, தலைக்கும் கைகளுக்கும். மூணாவது கிளையை ஒட்டி சாத்துக்குடி அளவுக்கு ஒரு புடைப்பை வரைந்தார்.

"எப்பவாவது உயரத்துலேர்ந்து விழுந்தீங்களா?"

"வுழல. தள்ளி உட்டானுங்கோ" என்றார் மச்சான்.

"அப்ப உள்ள குழாய் கிழிஞ்சிருக்கு. மேல் தோல் மட்டும் தாங்கிப் பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஊதியிருக்கு. அதுதான் குரல் நரம்பை அமுக்குது. இத்தனை வருஷம் வெடிக்காம இருந்ததே பெரிசு. வெடிச்சா ஆஸ்பத்திரி வர நேரம் இருக்காது."

மச்சானின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ராயபுரத்தில் மீன் விற்கிறவர். ஒரு அரிவாள்மணையைத் தவிர உலகில் எதையும் நம்பாதவர்.

நெஞ்சைத் திறக்காமலே சரிசெய்யலாம் என்றார் டாக்டர். தொடை வழியாகக் கம்பி விட்டு, துணியும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஒரு குழாயை மடக்கிக் கொண்டுபோய், புடைப்பு இருக்கும் இடத்தில் விரித்துவிடுவார்களாம்.

"உள்பக்கமா ஸ்லீவ் போடுறீங்க" என்றேன்.

டாக்டர் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "ஆமா. என்ன வேலை பாக்குறீங்க?"

"பைப் ஃபிட்டர் மேடம்."

"அப்ப நீங்க புரிஞ்சுப்பீங்க. ஸ்லீவ் பிடிச்சு நிக்க நல்ல இடம் வேணும். புடைப்பு இந்த மூணாவது கிளையை ஒட்டியிருக்கு. அதனால அந்தக் கிளை வாயையும் சேர்த்து மூடித்தான் ஆகணும். இடது கைக்குப் போற கிளை அது. கை பெரும்பாலும் தாங்கிக்கும். பிரச்சினை அது இல்ல." அந்தக் கிளையிலிருந்து மேலே ஒரு கோடு இழுத்தார். "இதுலேர்ந்து ஒண்ணு மூளைக்குப் பின்பக்கம் போகுது. வலது பக்கமும் ஒண்ணு உண்டு. ஆனா இவருக்கு வலது நூல் மாதிரி இருக்கு. இடதுதான் முழுசா பாத்துக்குது. அதை அடைச்சா ஸ்ட்ரோக். நிக்க முடியாது, முழுங்க முடியாது, பேச்சு குழறும். கண்ணுகூடப் போகலாம்."

"அப்போ பைபாஸ் லைன் போட்டுட்டு அப்பாலதான வால்வ மூடணும்?"

"அதேதான். முதல்ல கழுத்துல ஒரு சின்ன ஆபரேஷன். தலைக்குப் போற குழாயிலேர்ந்து கைக்குழாய்க்கு ஒரு இணைப்பு. ரெண்டு மூணு நாள் கழிச்சு ஸ்லீவ்."

நான் உற்சாகத்தில் மேலும் கேட்டேன். பழைய பைப்புக்குள் துரு இருந்தால் கம்பி உரசி உதிருமே என்றேன். உதிரும் என்றார், இத்தனை வருஷம் பீடி குடித்தவரின் குழாய்க்குள் அந்த மாதிரிப் பொருக்கு உண்டு, அது பிய்ந்து தலைக்குப் போனாலும் ஸ்ட்ரோக்தான். அதனால் வளைவுக்குள் கம்பியைத் தேவைக்கு மேல் ஆட்ட மாட்டார்கள். மடக்கிய ஸ்லீவுக்குள் காற்றுக் குமிழி நிற்காமல் உப்புத் தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். ரத்தம் உறையாமல் மருந்து கொடுப்பார்கள். நாங்கள் ரெண்டு பேரும் ஒரு பட்டறையில் நிற்கிற மாதிரிப் பேசிக்கொண்டிருந்தோம். மச்சான் அதில் ஒரே ஒரு வார்த்தையைத்தான் கேட்டிருந்தார்.

"கழுத்தா?"

"ஆமா சார். இங்க, காரை எலும்புக்கு மேல."

மச்சான் எழுந்து மேஜையைத் தூக்கினார். ஸ்கேன் படங்கள், பேனாக் கூடு, பிளாஸ்டிக் இதயம் ஒன்று, எல்லாம் பறந்தன. இதயம் உருண்டு என் காலடியில் வந்து ரெண்டாகப் பிளந்தது. உள்ளே ஓடிவந்த காவல்காரரின் மூக்கில் ஒரு குத்து. அவர் தொப்பி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கதவுக் கண்ணாடி நொறுங்கி வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் மேல் கொட்டியது.

"என் கழுத்துல ஒரு பொம்பள கத்தி வெப்பா, நான் பாத்துகினு படுத்துங்கெடக்கணுமா?" என்று வாத்துக் குரலில் கத்தினார். கத்துவது எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. அதனால் இன்னொரு நாற்காலியை உடைத்தார்.

டாக்டர் சுவரோடு நின்றுகொண்டு, "கோபப்படாதீங்க. பிரஷர் ஏறினா அது வெடிக்கும்" என்றார், மழை வரும் குடை எடுத்துட்டுப் போங்க என்று சொல்லும் தொனியில்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஆரம்பித்தார். முதலில் அலுமினியக் குண்டான் பறந்தது, பிறகு செருப்பு. மச்சானைத் திருப்பி அடிக்காமல் வாங்கிக்கொள்ளச் செய்யும் ஒரே பிறவி அவர்தான்.

"மிச்சம்னு சொல்லிடுவாங்களாம்! தோ பாரு. வாய் கோணிகினு பாயில கெடந்தீன்னா, மூத்தரம் அள்ளப்போறது உன் நாப்பது பேரா, நானா? வாய்ல சோறு ஊட்டுனா மூக்குல வரும்னு சொல்றாங்கோ அந்த அம்மா!"

"வெடிச்சு சாவுறேன். மூலக்கொத்தளத்துக்கு எட்த்துகினு போயி பொதைங்க. கழுத்து முழுசா இருக்கும்."

"கழுத்து முழுசா இருந்து இன்னாடா பண்ணப் போற, சோமாரி, மாலை போட்டுப் பாப்பியா?"

குண்டானை எடுத்து மறுபடி எறிந்தார். அது நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. மச்சான் துடைக்கவில்லை. டாக்டர் சொன்ன வெடிப்புக்கு இந்தக் குண்டானே போதும் என்று அதை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

எனக்கு ஒரு புத்திசாலித்தனம் தோன்றியது. எனக்குப் புத்திசாலித்தனம் தோன்றும்போதெல்லாம் ரத்தம் வந்திருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து ஒரு முழ நீளத்துக்குக் கிளை வைத்த இரும்புப் பைப்பு ஒன்றைக் கொண்டுவந்தேன். ஒரு பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஸ்லீவாக வைத்துக்கொண்டேன். மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டு வாசல் குழாயில் பைப்பை மாட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு, கிளையில் தண்ணீர் பீய்ச்சுவதைக் காட்டினேன்.

"இது இடது கை லைனு. இதுலேர்ந்துதான் மண்டைக்குப் போவுது. இப்போ பாரு மச்சான்." டியூபை உள்ளே செருகினேன். கிளையில் தண்ணீர் நின்று, நாலு சொட்டு சொட்டி, ஓய்ந்தது. "தோ, மண்டை காஞ்சிபோச்சு. இதுக்குத்தான் மொதல்லயே அந்தாண்ட ஒரு லைனு..."

அவர் குனிந்து காய்ந்த கிளையை ரொம்ப நேரம் பார்த்தார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். புரிந்ததால்தான் அவ்வளவு கோபம். பைப்பைப் பிடுங்கி என் வாயில் அடித்தார். அன்றைக்குப் போன முன்பல்லுக்குப் பதிலாக வைத்த பீங்கான் பல்தான் இப்போது நான் சிரிக்கும்போது தெரிவது. என் மனைவி பல்லை ஒரு காகிதத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, "உனுக்கு யாருய்யா இந்த வேலையெல்லாம் குட்த்தது?" என்று என்னைத்தான் திட்டினாள். அண்ணனைத் திட்டும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் தப்பு. அந்தச் சந்துகளில் வளர்ந்தவன் மட்டும் செய்யக்கூடிய தப்பு. நேராகப் பேசி முடியாததைப் பொய்யால் முடிக்கப் பார்த்தேன். மச்சானிடம், "அந்த அம்மா வேற வழி கண்டுபிட்ச்சுட்டாங்கோ. கழுத்துல கை வெக்கல. அக்குள்ளயே முட்சிடுவாங்கோ" என்றேன். அக்குள் வெட்டுக்கு எங்கள் கணக்கில் பெயர் கிடையாது. டாக்டருக்குப் போன் செய்து, "மேடம், மச்சான் ஒத்துகினாரு. எல்லாம் நானே வெளக்கமா சொல்லிட்டேன்" என்றேன். அவர் நேரில் சொல்லியே ஆக வேண்டும் என்றார். சேர்க்கிற நாளன்று அவர் வந்த நேரத்தில் மச்சானைக் குளிக்கப் போகச் சொல்லிவிட்டு, மறுபடியும் நானே தலையாட்டினேன். தாளில் மச்சான் கையெழுத்துப் போட்டார். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். படிக்கிற வழக்கம்தான் இல்லை.

மறுநாள் காலை ஆபரேஷன் அறைக்கு வெளியே பச்சை அங்கி போட்டு அவரை உட்காரவைத்திருந்தார்கள். நான் பக்கத்தில் நின்று, "இந்த டிரெஸ்ல நீ நல்லா கீற மச்சான், பின்னாடிதான் காத்து வருது" என்று உளறிக்கொண்டிருந்தேன். டாக்டர் வந்தார். "எல்லாம் தெரியும் இல்ல சார்?" என்று கேட்டுக்கொண்டே, வெட்ட வேண்டிய இடத்தை மறக்காமல் இருக்க ஊதா பேனாவால் ஒரு கோடு போட்டார். கோடு போடுவது மச்சானுக்குக் கூசியது. பக்கத்தில் இருந்த ஸ்டீல் தட்டை எடுத்து முகம் பார்த்தார்.

இடது காரை எலும்புக்கு மேலே, கழுத்தில், ஊதாவாக ஒரு வெட்டு.

தட்டு கீழே விழுகிற சத்தம் கேட்பதற்குள் அவர் கை என் கழுத்தில் இருந்தது. ரெண்டு கையும். சுவரில் என் பின்மண்டை மோதியது. எங்கே போய் நிற்க வேண்டும் என்று பழகிய கட்டைவிரல் அது, தடுமாறவே இல்லை. வார்டு ஆள் ஒருவர் முதுகில் தொங்கினார். அவரை முழங்கையால் முகத்தில் இடித்துக் கீழே போட்டார். நர்ஸ் அலறினாள். எனக்கு முதலில் விளக்கின் ஓரங்கள் கறுத்தன. பிறகு இடது பக்கம் முழுசாகப் போனது. நாக்கு தடித்து, வேறு யாருடைய நாக்கோ என் வாயில் இருக்கிற மாதிரி ஆனது. 'உடு மச்சான்' என்று சொல்ல நினைத்தேன். 'வு' என்று ஏதோ வந்தது. கால்களைக் காணவில்லை.

டாக்டர் பக்கத்தில் வந்து சொன்னது மட்டும் எங்கிருந்தோ கேட்டது: "கையை எடுங்க. உங்களுக்கு பிரஷர் ஏறக் கூடாது."

என் பிரஷரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அவர் கையை எடுத்தார். ஏன் எடுத்தார் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். டாக்டர் சொன்னதற்காக இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். கண் செருகியதும் போட்டுவிட்டுப் போவதுதான் அவர் வழக்கம், அப்புறம் நின்று பார்த்ததில்லை. நான் தரையில் சரிந்து, வாயோரம் எச்சில் ஒழுக, ஒரு பக்கக் கையைத் தூக்க முயன்று தூக்க முடியாமல் கிடந்தேன். அவர் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இன்னாடா ஆவுது?"

"ஒண்... ஒண்ணும் தெர்ல... இந்தாண்ட இருட்டா கீது."

அவர் நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தார். "பத்து எண்ணுறதுக்குள்ள கண்ணு சொருவும். எனக்குத் தெரியும். எவ்ளோ பேர பாத்துகிறேன். நீ சொல்ற அந்த ஸ்ட்ரோக்கு... அது இத்தான?"

"இதேதான்" என்றார் டாக்டர். "மூளைக்கு ரத்தம் நிக்கிறது. ஆனா இவருக்கு நீங்க கையை எடுத்துட்டீங்க. உங்களுக்கு எடுக்க யாரும் இருக்க மாட்டாங்க."

வார்டு ஆள் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு இடது பக்கம் மெதுவாக வெளிச்சம் வந்தது. நர்ஸ் என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க இவர்கிட்ட என்ன சொல்லியிருந்தீங்க?" என்று கேட்டார்.

"அக்குள்னு" என்றேன்.

அவர் முகத்தில் வந்ததைப் பார்த்தால், மச்சான் பாக்கி வைத்ததை அவர் முடித்துவிடுவார் போலிருந்தது. "இன்னிக்கு ஆபரேஷன் கிடையாது" என்றார். "முதல்லேர்ந்து அவர்கிட்ட நான் பேசணும். நீங்க வெளிய இருங்க."

மச்சான்தான் தடுத்தார். "அவன் இருக்கட்டும்மா. நீ பேசு."

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுவதையும் மறுபடி சொன்னார். இந்தத் தடவை மச்சான் கேட்டார். நடுவில் ஒரு கேள்விதான் கேட்டார்: "வெட்டு தெரியுமா?" "தெரியும். இந்த விரல் நீளம். சட்டை காலர்ல முக்கால்வாசி மறைஞ்சிடும்." மச்சான் கழுத்தில் இருந்த ஊதாக் கோட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணு பண்ணும்மா" என்றார் கடைசியில். "எங்க பக்கத்துல பின்னாடி வந்து முடியப் பிட்ச்சு வெட்டுறதுதான் கேவலம். நான் அப்டி ஒருத்தனுக்குப் பண்ணிகிறேன். நீ அப்டிப் பண்ணாத. என்னைத் தூங்க வெச்சுட்டு வெட்டாத. முன்னாடி நின்னுகினு, நான் முழிச்சிகினு கீறப்ப, வெட்டப்போறேன்னு சொல்லு. அப்பால தூங்க வெய்யி."

மறுநாள் அப்படியே நடந்தது. படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மச்சானுக்கு நேர் எதிரில் டாக்டர் வந்து நின்றார். அவர் உயரத்துக்கு மச்சானின் கண்ணும் அவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன. கோட்டில் விரலை வைத்தார்.

"நான்தான் வெட்டப் போறேன். இந்த இடத்துல. இவ்வளவு நீளம்."

"செய்யி" என்றார் மச்சான்.

கழுத்து வேலை நல்லபடியாக முடிந்தது. மூணு நாள் கழித்து ஸ்லீவ். அன்றைக்கு நாங்கள் மூணு பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்: அக்கா, என் மனைவி, நான். எத்தனை தடவை உப்புத் தண்ணீரால் கழுவினார்கள், கம்பி எங்கே உரசுகிறது என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வேலை தெரிந்தவனாக இருப்பது பெரிய தொல்லை. தெரியாத அக்கா, "காத்து போயிடுமாமே, மண்டைக்கு?" என்று ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டார். நாலாவது தடவை நான் பதில் சொல்லாததால் என் தொடையில் கிள்ளினார். அந்தக் கிள்ளல் ஒரு வாரம் இருந்தது.

முடிந்தது என்று டாக்டர் வந்து சொன்னார். முழுசாக விழித்தபிறகுதான் மூளை எப்படி என்று தெரியும். ஒருவர் மட்டும் உள்ளே போகலாம் என்றார். அக்கா எழுந்தார், உட்கார்ந்துவிட்டார். "எனுக்கு கால் வர்ல. நீ போய் பாத்துகினு வா."

மச்சான் கழுத்தில் கட்டோடு மல்லாந்து கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது. டாக்டர் முன்பே சொல்லிக்கொடுத்திருந்த பரீட்சையை நானே வைத்தேன்.

"மச்சான், பல்லக் காட்டு."

காட்டினார். கோணவில்லை.

"ரெண்டு கையையும் தூக்கு."

வலது கை போர்வைக்குள்ளிருந்து எழுந்தது. இடது வரவில்லை. மறுபடி சொன்னேன். வலதுதான் இன்னும் உயர்ந்தது. இடது பக்கப் போர்வை லேசாக நெளிந்தது, அவ்வளவுதான். பைபாஸ் அடைத்துக்கொண்டது என்று முடிவு செய்தேன். படுக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். அவர் என்னை அடித்த காலத்திலெல்லாம் நான் அழுததில்லை, சிரித்துத்தான் சமாளித்திருக்கிறேன்.

நர்ஸ் ஓடிவந்தாள். "என்ன சார், என்ன ஆச்சு?"

"இடது கை... வர்ல..."

"அதை நாங்கதான் கட்டி வெச்சிருக்கோம். மயக்கம் தெளியும்போது வார்டு ஆள் மூக்குல மறுபடி குத்திட்டார். அதே மூக்கு சார்." போர்வையை விலக்கி, கம்பியோடு கட்டியிருந்த பட்டையை அவிழ்த்தாள். கை எழுந்தது. ரொம்ப நேராக எழுந்தது. என் சட்டையைப் பிடித்து முகத்துக்குக் கிட்டே இழுத்தார்.

"ஏண்டா அழுவுற, பேமானி?" என்றார். குரல் வாத்துக் குரல்தான். ஆனால் ஒரு எழுத்துகூடக் குழறவில்லை.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: மாத்திரை தவறக் கூடாது, பீடி கிடையாது, கோபம் கிடையவே கிடையாது. புது இணைப்பும் ஸ்லீவும் ஒட்டிக்கொள்ளும்வரை பிரஷர் ஏறினால் இத்தனை பாடும் வீண். தலைக்கு எதுவும் ஆகலாம். நர்ஸ் அவருக்கு மூச்சை இழுத்து மெதுவாக விடும் பயிற்சி ஒன்றையும் சொல்லிக்கொடுத்தாள். அக்கா கழுத்தை மறைக்க ஒரு துண்டு நீட்டினார். மச்சான் வாங்கவில்லை.

வாசலில் அவருடைய ஆட்கள் ஆறு பேர் வேனோடு நின்றிருந்தார்கள். வணக்கம் வைத்தார்கள். பிறகு ஆறு பேரின் கண்ணும் கழுத்துக்குப் போனது. கோடு சிவப்பாக, தையல் தடத்தோடு, நன்றாகத் தெரிந்தது. அஞ்சு பேர் தரையைப் பார்த்தார்கள். ஒருவன், தொப்பை வைத்த, இருபது வருஷமாக அவரிடம் மூட்டை தூக்குகிற ஆள், தாங்க முடியாமல் பல்லைக் காட்டினான்.

"இன்னா மேஸ்திரி, நீயும் மிச்சமாயிட்ட?"

மச்சானின் நெற்றி நரம்பு எழுந்தது. வலது கை மடங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் நின்ற இடத்திலேயே நின்று, நர்ஸ் சொன்ன மாதிரி மூச்சை இழுத்து, வாயைக் குவித்து, மெதுவாக விட்டுக்கொண்டிருந்தார். ஆறு பேரும் அவருக்குப் பேய் பிடித்ததாகத்தான் நினைத்திருப்பார்கள்.

"மாப்ள" என்றார்.

"இன்னா மச்சான்?"

"எனுக்கு ஏறக் கூடாது. நீ அடி."

"நானா?"

"நீதான். பல்லுல குத்து."

நான் வாழ்நாளில் ஒருவரையும் அடித்ததில்லை. அந்த ஆளைப் பார்த்தேன். அவனும் என்னைப் பரிதாபமாகத்தான் பார்த்தான். கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன். என் விரலில் ஏதோ முறிந்தது. அவன் தாடையைத் தடவிக்கொண்டு, மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி ஒன்றும் சொல்லாததால் எனக்கு ஒன்று திருப்பிக் கொடுத்தான். வேன் சக்கரத்தடியில் உட்கார்ந்தேன். வாயில் உப்பாக இருந்தது.

"கேட்டுகங்க" என்றார் மச்சான். கேட்பதற்கு ஆறு பேரும் கிட்டே வர வேண்டியிருந்தது. "இது ஒரு பொம்பள வெட்டுனது. முன்னாடி நின்னுகினு, சொல்லிட்டு வெட்டுனா. உங்கள்ல எவனுக்கு அந்தத் தைரியம் கீது? இனிமே எவனாச்சும் அந்த வார்த்தைய சொன்னீங்கோ, இவன் வந்து அடிப்பான்."

என் அடிக்குப் பயந்து யாரும் வாயை மூடப் போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஆறு மாதத்தில் அவர் சார்பாக நான் ஒன்பது பேரை அடித்தேன். ஒன்பது பேரிடமும் வாங்கினேன். டீக்கடையில் ஒன்று, துறைமுக வாசலில் நாலு, ஒரு காதுகுத்து வீட்டில் பந்தியில் வைத்து ஒன்று; மீதி எங்கே என்று மறந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் மச்சான் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்து விடுவார். பிறகு என்னைத் தூக்கி நிறுத்தி, சட்டையில் மண்ணைத் தட்டிவிடுவார்.

மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குப் போவோம். டாக்டர் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, காற்றடித்து, ஊசி நிற்கிற இடத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். "ரொம்ப நல்லா இருக்கு சார். கோபத்தை எப்படி அடக்குறீங்க?"

மச்சான் என்னைக் கை காட்டுவார். என் உதடு வீங்கியிருக்கும்.